ராம் லேபிளை உரித்தேன், சூடு குறையவில்லை

மே மாதம் இரண்டாவது வாரம். என் அறையில் ஏசி கிடையாது. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் மதியம் 34 டிகிரிக்குக் கீழே இறங்காது. ஆறு வயதான என் 14 அங்குல லேப்டாப் அந்த வாரம் மூன்று முறை நீலத்திரை காட்டிவிட்டுத் தானாக அணைந்து எழுந்தது. மூன்று முறையும் மதியம்தான், மூன்று முறையும் வீடியோ ஒன்றை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தபோதுதான். அதே வேலையை ராத்திரி ஓடவிட்டால் விடியும் வரை சமர்த்தாக ஓடியது.

சூடுதான் காரணம் என்று முடிவுகட்ட இது போதாதா? அடிமூடியைக் கழற்றினேன். மின்விசிறியின் இறக்கைகளுக்குப் பின்னால், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளின் வாயில், தலையணைப் பஞ்சுபோலத் தூசி அடைத்திருந்தது. சுத்தம் செய்தேன். சிபியு மேலிருந்த பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது, அதையும் மாற்றினேன். 92 வரை போன சிபியு 78-ல் நின்றது. நல்ல வேலை செய்தோம் என்று தெம்பாக மூடிவைத்தேன். மறுநாள் மதியம் மறுபடியும் நீலத்திரை.

அப்புறம்தான் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற மென்பொருள் நினைவுக்கு வந்தது. பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தம். நாற்பது நிமிடம் கழித்து, இரண்டாவது சுற்றின் நடுவில், பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள். கணினியின் தற்காலிக நினைவகமான ராம்தான்.

அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பொறியியல் இரண்டாம் ஆண்டு. திறந்துகிடந்த லேப்டாப்பை எட்டிப் பார்த்ததும் தீர்ப்பு சொன்னான்: "மாமா, முதல்ல அந்த ஸ்டிக்கரை உரிச்சுப் போடுங்க. கத்திரி வெயில்ல ஸ்வெட்டர் போட்டு நிக்க வச்ச மாதிரி இருக்கு."

பார்க்க அப்படித்தான் இருந்தது. உள்ளே இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 (நான்காம் தலைமுறை) ராம் ஸ்டிக்குகள். ஒன்று லேப்டாப்போடு வந்தது, சின்ன வெள்ளை லேபிள், இரண்டு சில்லுகளை மட்டும் மூடியிருந்தது. இன்னொன்று நான் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிப் போட்டது. அதில் பளபளவென்று வெள்ளி நிற லேபிள், மேல்பக்கத்துச் சில்லுகள் நான்கையும் மூடி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை. ஓர் ஸ்டிக் சுமார் 70 மி.மீ நீளம், 30 மி.மீ உயரம், அதில் பாதியை ஒரு பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

பையன் ஆதாரமும் காட்டினான். என்னிடம் ஒரு இன்ஃப்ராரெட் வெப்பமானி உண்டு, துப்பாக்கி மாதிரி பிடித்துக் குறி பார்க்கும் வகை. அடிமூடி இல்லாமலே லேப்டாப்பை அரைமணி நேரம் ஓடவிட்டு, வெள்ளை லேபிள் ஸ்டிக்கில் லேபிள் மூடாத சில்லைச் சுட்டான்: 55. வெள்ளி லேபிளின் மேல் சுட்டான்: 41. "பாத்தீங்களா? சூடு வெளிய வராம உள்ளேயே அடங்கிக் கிடக்கு. அதான் மேல சில்லுன்னு இருக்கு."

கேட்க நியாயமாக இருந்ததால் நானும் கொஞ்ச நேரம் நம்பினேன். பிறகு உறைத்தது. அந்த வெப்பமானி வெப்பநிலையை நேரடியாக அளப்பதில்லை, பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக், தாள், தோல் இவையெல்லாம் நன்றாகக் கதிர்வீசும். பளபளக்கும் உலோகப் பூச்சு அப்படி வீசாது, எதிரில் இருப்பதைத்தான் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். ஆக அந்த 41-ல் பாதி என் அறையின் கூரை. சந்தேகம் தீர, வெள்ளி லேபிளின் மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி இரண்டு நிமிடம் விட்டு மறுபடி சுட்டேன். 54. இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வைத்து பளபளக்கும் எதையும் அளக்காதீர்கள். எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் தண்ணீரை வெளியிலிருந்து சுட்டுப் பாருங்கள், தெரியும்.

அதனால் ஒழுங்காக அளப்போம் என்று முடிவு செய்தேன். டிடிஆர்5 ஸ்டிக் என்றால் இந்த வேலையே இல்லை. அதன் எஸ்பிடி, அதாவது ஸ்டிக்கின் விவரங்கள் பதிந்திருக்கும் குட்டிச் சில்லுக்குள்ளேயே வெப்ப உணரி இருக்கிறது, மென்பொருளில் எண்ணாகப் பார்த்துவிடலாம். டிடிஆர்4 லேப்டாப் ஸ்டிக்குகளில் பெரும்பாலும் அது கிடையாது. மல்டிமீட்டரோடு வந்த, முனையில் சூட்டை அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் கம்பிகள் இரண்டு இருந்தன. ஒன்றின் முனையை மேல்பக்கச் சில்லின் ஓரத்தில், லேபிளுக்கு வெளியே சில்லின் உடம்பு தெரிகிற இடத்தில், சூடு தாங்கும் கேப்டான் டேப்பால் ஒட்டினேன். இன்னொன்றை அதே ஸ்டிக்கின் அடிப்பக்கச் சில்லில். கம்பிகளைக் காற்றுத் துளை வழியாக வெளியே எடுத்துவிட்டு அடிமூடியைப் பூட்டினேன். மூடியைத் திறந்துபோட்டு அளந்தால் அது வேறு லேப்டாப்பை அளந்த மாதிரி.

மெம்டெஸ்டே நல்ல சுமை. 45 நிமிடம் ஓடவிட்டு, எண் நகராமல் நின்றதும் குறித்துக்கொண்டேன். வெள்ளி லேபிள் ஸ்டிக், சிபியு சூட்டைக் கடத்தும் வெப்பக் குழாய்க்குப் பக்கத்து ஸ்லாட்டில் இருந்தது. மேல்பக்கம் 58, அடிப்பக்கம் 63. இடத்தை மாற்றி அதே ஸ்டிக்கைத் தள்ளியிருக்கும் ஸ்லாட்டில் போட்டால் மேலே 54, கீழே 58.

இந்த நான்கு எண்களைப் பார்த்தபோதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். சூடு அதிகமாக இருந்தது அடிப்பக்கச் சில்லுகளில். அவற்றின் மேல் லேபிளே கிடையாது! மதர்போர்டைப் பார்த்துக் குப்புறப் படுத்திருப்பதால், காற்று போகாத அந்த மூன்று நான்கு மி.மீ இடுக்கில் வெந்துகொண்டிருக்கின்றன. தவிர, ஸ்லாட்டை மாற்றினாலே நான்கைந்து டிகிரி இறங்குகிறது. லேபிளுக்கு இதில் எவ்வளவு பங்கு இருந்துவிடப் போகிறது?

ஆனால் உரிக்கும் ஆசை வந்த பிறகு எண்ணாவது ஒன்றாவது.

நேராக நல்ல ஸ்டிக்கில் கைவைக்கவில்லை, அந்த மட்டும் புத்தி இருந்தது. பழைய பெட்டியில் செத்துப்போன 2 ஜிபி டிடிஆர்3 ஒன்று கிடந்தது. அதில் ஒத்திகை. குளிர்ந்த நிலையிலேயே ஒரு மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தேன். மேல்தாள் மட்டும் கையோடு வந்தது, பசை அப்படியே சில்லின் மேல். அதைப் பேப்பர் வெட்டும் பிளேடால் சுரண்டப் போனதில் பிளேடு வழுக்கி, சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் கடுகை விடச் சின்னதாக நின்றிருந்த ஒரு உறுப்பைப் பெயர்த்துக்கொண்டு போயிற்று. மின்தேக்கியா மின்தடையா என்று தேடுவதற்குள் தரையில் எங்கோ போய்விட்டது. செத்த ஸ்டிக் என்பதால் பிழைத்தேன்.

லேபிளை உரிப்பதில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. சில்லின் உடம்பு கெட்டியானது, அதற்கு ஒன்றும் ஆகாது. லேபிள் சில்லுகளுக்கு நடுவே பாலம்போலத் தொங்கும் இடங்களில், கீழே இந்தச் சின்ன உறுப்புகள் வரிசையாக நிற்கின்றன. சில லேபிள்களில் பசை அவற்றின் தலையிலும் ஒட்டியிருக்கும். மேல்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் சால்டரோடு வரும்.

ஒத்திகையின் மறுபாதியில் வேறு வழி. புது எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கரை அம்மா எப்படி எடுப்பார்? அடுப்பில் லேசாகக் காட்டுவார். அதே சங்கதிதான். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு நிமிடம். தொட்டால் சுடாத, ஆனால் நல்ல வெதுவெதுப்பு. பிறகு மூலையைக் கிளப்பி, லேபிளைத் தன் மேலேயே மடித்து, பலகைக்குப் படுக்கையாகப் பின்னோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். நடுவில் தொங்கும் இடம் வரும்போது பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை அடியில் செருகி, உறுப்புகளுக்கும் லேபிளுக்கும் நடுவே பிடித்துக்கொண்டேன். முழுசாக, கிழியாமல் வந்தது.

மிச்சப் பசைக்கு அக்கா தேங்காய் எண்ணெய் சொன்னார். பாத்திரத்துக்குச் சரி, ராமுக்கு வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்க முலாம் பூசிய பற்களுக்கு இறங்கினால் ஸ்லாட்டில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதில் நனைத்துத் தேய்த்தால் பசை உருண்டு வந்துவிடும். அசிட்டோன் பக்கம் போகாதீர்கள், பலகையின் பச்சைப் பூச்சையே பதம் பார்க்கலாம்.

சரி, நிஜ ஸ்டிக். உரிப்பதற்கு முன் லேபிளைப் படமெடுத்துக்கொண்டேன். இந்த லேபிளில் அச்சடித்திருப்பது வெறும் விளம்பரமில்லை. '8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி-எஸ்ஏ1-11' என்று ஒரு வரி இருக்கும். 1ஆர் என்றால் ஒரே ரேங்க், அதாவது ஒன்றாக வேலை செய்யும் ஒரே சில்லுக் கூட்டம். எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சில்லும் ஒரே நேரத்தில் 8 பிட் தரும், எட்டுச் சில்லுகள் சேர்ந்தால் 64 பிட். 2666 வேகம். அதை ஒட்டியிருக்கும் 'வி' தாமத அளவு, 19-19-19. 'எஸ்' லேப்டாப்பில் போடும் சின்ன வகை, அதாவது சோடிம். 'ஏ1' பலகையின் வடிவமைப்பும் அதன் திருத்தமும். கடைசி 11 எஸ்பிடியின் பதிப்பு. இது நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் எழுத்துமுறை, எந்த நிறுவன ஸ்டிக்கானாலும் இப்படித்தான். இதற்குக் கீழே நிறுவனத்தின் சொந்த பாக எண். எம்471 என்று தொடங்கினால் சாம்சங்கின் சோடிம், எச்எம்ஏ என்றால் ஹைனிக்ஸின் டிடிஆர்4, எம்டிஏ என்றால் மைக்ரான். இன்னொரு ஸ்டிக் வாங்கி ஜோடி சேர்க்கப் போகிறவனுக்கு இந்த இரண்டு வரிகள்தான் ஜாதகம்.

லேபிள் போனால் ஜாதகமும் போய்விடுமா? முழுக்கப் போகாது. ஸ்டிக்கிலேயே அரிசி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. அதுதான் எஸ்பிடி, டிடிஆர்4-ல் 512 பைட். கொள்ளளவு, வேகம், தாமதங்கள், ஸ்டிக் தயாரிப்பாளர், சில்லுத் தயாரிப்பாளர், பாக எண், எந்த வருடம் எத்தனையாவது வாரம் செய்தது, தொடர் எண் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. விண்டோஸில் சிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டும். சில்லு யாருடையது என்று பார்க்கத்தான் பலர் லேபிளை உரிக்கிறார்கள். உரிக்காமலே இங்கே பார்த்துக்கொள்ளலாம். நான் உரித்துப் பார்த்தபோது சில்லின் மேல் ஸ்டிக்கை விற்ற நிறுவனத்தின் முத்திரைதான் இருந்தது, செய்தவர் பெயரே இல்லை. உரித்தது வீண்.

எஸ்பிடியில் இடம் இருக்கிறது என்றேன், நிரப்பியிருக்கிறார்கள் என்று சொல்லவில்லை. என் வெள்ளி லேபிள் ஸ்டிக்கில் தொடர் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எட்டு சுழியங்கள். அப்போது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

பேட்டரி இணைப்பைப் பிடுங்கி, சட்டகத்தைத் தொட்டுக் கையிலிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு, ஸ்டிக்கை எடுத்தேன். டிரையர், ஏடிஎம் கார்டு, நிதானம். லேபிள் முழுசாக வந்தது. ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒட்டிப் பத்திரப்படுத்தினேன். வெள்ளை லேபிள் ஸ்டிக்கை ஒப்பீட்டுக்காக அப்படியே விட்டேன். "அதையும் உரிங்க மாமா" என்றான் பையன். "ஒண்ணு போதும்டா, ரெண்டையும் உரிச்சா எதோட ஒப்பிடுறது" என்றேன். அன்று முழுக்க நான் சொன்னதில் உருப்படியான ஒரே வார்த்தை அதுதான்.

அதே ஸ்லாட், அதே இடத்தில் கம்பிகள், அதே 45 நிமிடம். அறை 34. மேலே 58. கீழே 63. ஸ்லாட் மாற்றினால் மேலே 54, கீழே 57. மீட்டரே ஒரு டிகிரி முன்னே பின்னே காட்டக்கூடியது. ஆக, மாற்றமில்லை.

பையன் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னான். தாளை எடுத்தோம்.

உரித்த லேபிளை ஸ்க்ரூ கேஜில் வைத்தால் 0.09 மி.மீ. பாலியெஸ்டர் சுமாரான வெப்பக் காப்பான், மீட்டருக்கு டிகிரிக்கு 0.2 வாட்டுக்குள்தான் கடத்தும். டிடிஆர்4 சில்லு ஒன்று ஏறக்குறைய 7.5-க்கு 11 மி.மீ. இதை வைத்துப் போட்டால், ஒரு சில்லின் மேலிருக்கும் லேபிளின் வெப்பத்தடை வாட்டுக்கு ஐந்தரை டிகிரி. கேட்க அதிகம்போல இருக்கும். ஆனால் லேபிளைத் தாண்டிய பிறகு வெப்பம் காற்றுக்குள் இறங்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் அசையாத காற்று. அதே பரப்புக்கு அதன் தடை வாட்டுக்கு ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல். ஐந்தரை எங்கே, ஆயிரத்து இருநூறு எங்கே! வீட்டு வாசலில் போக்குவரத்து ஸ்தம்பித்து நிற்கும்போது மிதியடியை எடுத்துப் போட்டு வழிவிட்ட கதை. அந்த மேல்பக்கம் வழியாக ஒரு சில்லிலிருந்து போவதே நூறில் இரண்டு மூன்று பங்கு வாட்தான். அதற்கு லேபிள் சேர்க்கும் சூடு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய. என் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் மிச்சச் சூடு எங்கே போகிறது? கீழே. சில்லின் அடியில் 78 சால்டர் உருண்டைகள் இருக்கின்றன. அவை வழியாகப் பலகையின் செப்புப் படலங்களுக்குள் பரவி, 260 பற்கள் வழியாக மதர்போர்டுக்கும், இரண்டு பக்கப் பரப்பு வழியாகக் காற்றுக்கும் போகிறது. லேபிள் அந்தப் பாதையில் இல்லவே இல்லை.

"அப்ப ஸ்டிக்கரால எந்த பாதிப்பும் கிடையாதா?" என்றான். கிடையாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. கணக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்லியது. காற்றுதான் தடை என்றால், காற்றை எடுத்துவிட்டால்? என் லேப்டாப்பின் அடிமூடி அலுமினியம். ராமுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவான இடைவெளி. களிமண் உருண்டை வைத்து மூடிப் பார்த்து அளந்தேன். சூட்டைக் கடத்தும் மெத்தைத் துண்டான தெர்மல் பேட், ஒரு மி.மீ தடிமனில் போட்டால் லேசாக அழுந்தி உட்காரும். பேட்டின் உறையில் வெப்பம் கடத்தும் திறன் 6 என்று போட்டிருந்தது. நான் 3 என்று வைத்துக்கொண்டேன், இந்த உறைகளின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அப்படிப் பார்த்தால் பேட்டின் தடை ஒரு சில்லுக்கு வாட்டுக்கு நான்கு டிகிரி. இப்போது ஐந்தரை என்பது பெரிய எண்! பேட்டை விட லேபிள் பெரிய தடை.

அளந்து பார்த்தோம். உரித்த ஸ்டிக்கின் மேல் பேட் போட்டு மூடினால் மேல்பக்கம் 58-லிருந்து 49. அதை எடுத்துவிட்டு வெள்ளை லேபிள் ஸ்டிக்கை அதே ஸ்லாட்டில் போட்டேன். பேட் இல்லாமல் அதுவும் 58-தான். லேபிள் இல்லாத சில்லுகளையும் சேர்த்து மூடும்படி அதே பேட், லேபிளின் மேலேயே. லேபிள் மூடிய சில்லில் 51. இரண்டு டிகிரி. ஏழு டிகிரி இறக்கியது பேட். உரித்ததால் கிடைத்தது அதற்கு மேல் இரண்டு.

பேட் போடுவதிலும் வில்லங்கம் உண்டு. மூடி பிளாஸ்டிக் என்றால் பயனில்லை. மூடியின் அந்தப் பகுதியே சிபியு சூட்டில் கொதிக்கிறதென்றால் பேட் எதிர்த்திசையில் வேலை செய்யும். தடிமனான பேட்டை வைத்து மூடியைத் திருகினால் ஸ்டிக் ஸ்லாட்டில் கோணிக்கொள்ளும். எனக்கு மூடி தொடையில் சுட ஆரம்பித்தது, அது தனிக் கஷ்டம்.

உரிக்கவே கூடாத லேபிள்களும் உண்டு. பார்க்க ஸ்டிக்கர் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே செப்புத் தகடு. சாம்சங் 2016-ல் வெளியிட்ட 960 புரோ எஸ்எஸ்டியின் லேபிள் அப்படித்தான், சூட்டைப் பரப்புவதற்கென்றே செப்புப் படலம் வைத்துச் செய்தது. எஸ்எஸ்டிகளிலும் ராம்களிலும் இப்போது செம்பு, கிராஃபீன் என்று போட்டு வரும் லேபிள்கள் இருக்கின்றன. அவற்றை உரித்துவிட்டுப் பேட் போடுகிறவர்கள், ஹீட்சிங்கைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்க் மாட்டுகிறார்கள்.

இவ்வளவு ஆராய்ச்சியும் முடிந்து, உரித்த ஸ்டிக்கைப் பேட்டோடு திரும்ப மாட்டி, 49 டிகிரியில் குளுகுளுவென்று மெம்டெஸ்ட் ஓடவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் சிவப்பு வரிகள். இம்முறை மூன்றாவது சுற்றில்.

அந்தச் சிவப்பு வரிகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வந்தது. டிடிஆர்4 சில்லுகள் உடம்புச் சூடு 85 டிகிரி வரை சாதாரணமாக வேலை செய்ய வேண்டியவை. அதற்கு மேல் 95 வரைகூட ஓடும், நினைவைப் புதுப்பிக்கும் வேலையை இரட்டிப்பு வேகத்தில் செய்தால் போதும். 85-க்கு உத்தரவாதம் உள்ள சில்லு 60-ல் தப்பு விடுகிறது என்றால் அதற்குச் சூடு அதிகமில்லை, சில்லு கெட்டுவிட்டது. குளிர வைத்தால் தப்பு கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். காய்ச்சலுக்கு வெப்பமானியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இரண்டையும் தனித்தனியாகப் போட்டு ஓட்டினேன். முதல் நாளே செய்ய வேண்டிய வேலை, ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். வெள்ளை லேபிள் ஸ்டிக் ராத்திரி முழுக்க ஒரு பிழை இல்லாமல் ஓடியது. உரித்த ஸ்டிக் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரு மணி நேரத்துக்குள் சிவப்பு.

பெட்டியைத் தேடி எடுத்தேன். பத்து வருட உத்தரவாதம், எட்டு வருடம் மிச்சம். உள்ளே மடித்து வைத்திருந்த தாளில், எறும்பு எழுத்தில், லேபிள் அகற்றப்பட்டாலோ சிதைக்கப்பட்டாலோ உத்தரவாதம் செல்லாது என்று ஒரு வரி.

சேவை மையம் ஒரு மாடிப்படி ஏறிப் போகும் இடம். ஸ்டிக், பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய லேபிள், பில், உரிப்பதற்கு முன் எடுத்த படம், மெம்டெஸ்ட் திரையின் படம், எல்லாம் எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி பொறுமையானவர். லேபிளின் பார்கோடை ஸ்கேன் செய்தார், கணினியில் உத்தரவாதம் உயிரோடு இருந்தது. பிறகு ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இந்த லேபிள் இந்த ஸ்டிக்கோடதுதான்னு நான் எப்படி எழுதுறது?"

"போட்டோ இருக்கே தம்பி."

"போட்டோல ஸ்டிக் தெரியுது சார். அது இதே ஸ்டிக்தானான்னு தெரியலையே."

எஸ்பிடியில் தொடர் எண் இருக்குமே என்றேன். அவரிடம் ஒரு சோதனை இயந்திரம் இருந்தது. ஸ்டிக்கை அதில் போட்டுப் பார்த்துவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். எட்டு சுழியங்கள்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. எஸ்பிடியில் எண் எழுதாமல் விட்டவர்கள்மேல் கொஞ்சம் வந்தது. அமெரிக்காவில் 2018-ல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், 'இதைப் பிரித்தால் உத்தரவாதம் போச்சு' என்று சீல் ஒட்டி விற்பது செல்லாது என்று ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அங்கேயே அதை அவரிடம் சொல்லிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது வேறு ஸ்டிக்கர். அது பெட்டியைத் திறந்தாயா என்று வேவு பார்க்கும் சீல். இது பொருளின் அடையாள அட்டை. அட்டையைக் கிழித்து எடுத்தவன் நான்தான். "மேல அனுப்பினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க சார், கூரியர் காசுதான் தண்டம்" என்றார். சரி என்று வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

அங்கிருந்து நேராகச் சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட். ராம் விலை ஏறிக்கிடந்ததால் புதுசு கட்டுப்படியாகவில்லை. லேப்டாப்புகளிலிருந்து கழற்றிய பழைய ஸ்டிக்குகளை விற்கும் சின்னக் கடை ஒன்றில் எம்471 என்று தொடங்கும் 8 ஜிபி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பழைய ஸ்டிக் வாங்கும்போது லேபிளில் இருக்கிற பாக எண்ணும் எஸ்பிடியில் வரும் பாக எண்ணும் ஒன்றுதானா என்று கடையிலேயே ஒரு லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. லேபிளை மாற்றி ஒட்டி விற்பது அந்தச் சந்தைக்குப் புதிதில்லை. ஒத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட், பிழை இல்லை. பேட்டை லேபிளின் மேலேயே வைத்து மூடினேன். இரண்டு டிகிரி போனால் போகட்டும்.

நான்கு மாதமாகிறது, நீலத்திரை வரவில்லை. பையன் விடுமுறை முடிந்து போகும்போது அந்த மொட்டை ஸ்டிக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான், கல்லூரி ஆய்வகத்தில் நண்பர்களுக்குக் காட்டவாம். வெள்ளி லேபிள் அந்தப் பிளாஸ்டிக் தாளோடு என் ஸ்க்ரூ டிரைவர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கிறது. அதன் உத்தரவாதம் இன்னும் ஏழரை வருடத்துக்கு மேல் பாக்கி.